சத்தம் கூடினால் இழுவை கூடுமா?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலை வண்டிப் பிரியர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. பெங்களூருவிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் காடும் வளைவும் மேடுபள்ளமுமாகக் காவிரிக்கரை வரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த வழியில் வரும் பைக்குகளிலும் கார்களிலும் ஒரு பகுதி, கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியவை. மலைச்சரிவில் இருக்கும் ஊர்களுக்கு அந்த வண்டி கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிடுகிறது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும்: சவுண்டு நன்றாக இருக்கிறது, அல்லது பிக்கப் ஏறுகிறது. முதல் பதில் ரசனை. அதைப் பின்னால் பார்ப்போம். இரண்டாவது பதிலைக் கணக்குப் போட்டே சோதித்துவிடலாம். ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும், அமைதியை விட்டால்தான் சக்தி வரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு அப்படியொரு பேரம் அநேகமாக இல்லவே இல்லை. உண்மையான பேரம் சத்தத்துக்கும் சைலன்சரின் பருமன், எடை, விலை ஆகியவற்றுக்கும் இடையில்தான் நடக்கிறது.

முதலில் சத்தத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று பார்ப்போம். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது அதன் சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பைக் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு கடந்து போகும்போது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து இதை அளப்பார்கள். அந்த 80 டெசிபலை வாட் கணக்கில் மாற்றினால், நாலாபுறமும் பரவும் ஒலியின் மொத்தச் சக்தி ஏறக்குறைய 0.035 வாட். சைலன்சரைக் கழற்றி எறிந்து இன்னும் 20 டெசிபல் கூட்டிக்கொண்டால் அது நூறு மடங்காகி மூன்றரை வாட் ஆகும். படுக்கையறையில் எரியும் சின்ன எல்இடி பல்புக்குப் போதுமான சக்தி அது. அதே பைக்கின் எஞ்சின் தருவதோ 20 குதிரைத்திறன், அதாவது பதினைந்தாயிரம் வாட். காது அதிர்வதைக் கேட்டு உள்ளே பெரும் சக்தி விடுதலையாகிறது என்று நெஞ்சு நம்பிவிடுகிறது. காது மிக நுட்பமான உறுப்பு. ஒரு வாட்டில் சிறு பங்கைக்கூட அது பேரோசையாகக் காட்டும். எஞ்சினின் பலத்தை அளக்க அது ஏற்ற கருவியே அல்ல.

இதற்கு விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் நியாயமான மறுப்பு சொல்வார். சத்தத்தில் சக்தி இல்லை என்பது சரி, ஆனால் சைலன்சர் புகையை மறிக்கிறதே, அந்த மறிப்பை எடுத்தால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடுமே என்பார். இதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு, எஞ்சினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்புக்குள் அழுத்த அலையாகப் பாய்கிறது. சூடான வாயுவில் ஒலி நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த அலை குழாயின் அகன்ற முனையை எட்டியதும் எதிர்மறை அலையாக மாறி எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் காற்றுக்கு இடம் விடுகிறது. இந்த நேரக்கணக்கைத் தீர்மானிப்பவை பெண்ட் பைப்பின் நீளமும் குறுக்களவும். எஞ்சின் எந்த வேகத்தில் நன்றாக இழுக்க வேண்டும் என்று பார்த்துத்தான் கம்பெனி அவற்றை வைத்திருக்கிறது. கண்டபடி அகலமான குழாயை மாட்டினால் வாயுவின் வேகம் குறைந்து, மேட்டில் மூன்றாம் கியரில் ஏறவேண்டிய வண்டி இரண்டாம் கியர் கேட்கும். கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். வண்டிக்கு வேண்டியது மறிப்பு அல்ல. அலை சரியான நேரத்தில் திரும்புவது. 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான யமஹா ஆர்எக்ஸ்100 வைத்திருந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் வயிறு பெருத்த அந்தச் சைலன்சர் எஞ்சினின் ஓர் உறுப்பு. தப்பி வெளியேறும் புதுக் கலவையைத் திருப்பித் தள்ளுவதே அதன் வேலை. அதை அறுத்துவிட்டு வெறும் குழாய் வைத்தால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில், பெண்ட் பைப்பைத் தொடாமல் பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால் ஆதாயம் உண்டா? உண்டு, சிறிதளவு, அதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, எஞ்சின் உச்ச வேகத்தை நெருங்கும்போது மட்டும். அப்போதுதான் குழாயில் ஓடும் வாயு மிக அதிகம், மறிப்பும் மிக அதிகம். மற்ற எந்த நேரத்திலும் எஞ்சினின் கழுத்தைப் பிடித்திருப்பது ஓட்டுபவரின் கைதான். பாதி முறுக்கிய ஆக்சிலரேட்டர் என்றால், உள்ளே போகும் காற்றைத் த்ராட்டில் தகடு பெருமளவு அடைத்து வைத்திருக்கிறது என்று பொருள். உள்வாசலை நாமே பாதி சாத்திவிட்டு, வெளிவாசலை அகலப்படுத்தி என்ன பயன்? கூடுதல் சக்தி வேண்டுமானால் கையை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வந்துவிடும். நாட்றாம்பாளையத்துக்குக் கீழே வளைந்திறங்கும் காட்டுச் சாலையில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து உச்ச வேகத்தில் வைத்திருக்க இடமே கிடையாது. திறப்பவர் வளைவில் சாலையை விட்டுப் போய்விடுவார். ஓசூர்–பெங்களூரு நெடுஞ்சாலையில் நெரிசலே அதற்கு இடம் தராது. பந்தயத் தடத்தில் கதை வேறு. அங்கே ஒரு சுற்றில் பெரும்பகுதி முழுத் திறப்பில் ஓடுகிறது, ஒவ்வொரு கிராமும் கணக்கு. 1982 முதல் பந்தயத்தில் இருக்கும் டிவிஎஸ் ஓசூரில் செய்யும் பந்தய வண்டியின் சைலன்சரைச் சாலை வண்டிக்கு வைக்கவில்லை என்றால், அதற்கு அறியாமை காரணமல்ல.

ஒலியை அடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே அறைகளாகப் பிரித்து, அலையோடு அலை மோதி அழியும்படி செய்வது. இன்னொன்று, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரை அடைத்து, ஒலி அதற்குள் புகுந்து வெப்பமாகக் கரையும்படி விடுவது. முதலாவது வழி கனத்த தாழ்ந்த ஒலிகளுக்கு ஏற்றது, இரண்டாவது கூர்மையான ஒலிகளுக்கு. இரண்டுக்குமே இடம் வேண்டும். நாலு சிலிண்டர் கார் ஒன்று 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு நூறு முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சூடான குழாய்க்குள் ஐந்து மீட்டருக்கு மேல். அதைக் கால் அலை நீளமுள்ள கிளைக்குழாய் வைத்துக் கொல்லவேண்டுமானால் அந்தக் குழாயே ஒன்றேகால் மீட்டர் போகும். அதனால்தான் கார்களின் அடியில் நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பெட்டிகள் தொங்குகின்றன. எஞ்சின் கொள்ளளவைப் போலக் குறைந்தது பத்து மடங்காவது சைலன்சரின் உள்ளிடம் இருக்கவேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் தோராயக் கணக்கு. 350 சிசி பைக்குக்கு மூன்றரை லிட்டர், 1200 சிசி காருக்கு 12 லிட்டர். அவ்வளவு இடம் கொடுத்துவிட்டால் வாயு தாராளமாகப் போகும், சத்தமும் அடங்கும். இரண்டும் ஒரே சைலன்சரில் கிடைக்கும். கம்பெனிச் சைலன்சர் ஏன் அவ்வளவு பருமன், ஏன் அவ்வளவு எடை என்பதற்குப் பதில் இதுதான். பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தொங்கும் கையடக்கக் குழாயில் இடம் இல்லை. அதனால் அது லேசாக இருக்கிறது, விலையும் தோற்றமும் ஈர்க்கின்றன, சத்தமும் போடுகிறது. சைலன்சர் மாற்றி ஒருவர் பெறும் ஆதாயத்தில் மெய்யானது எடைக்குறைவு. அதை மட்டும் சொல்லி விற்றால் எத்தனை பேர் வாங்குவார்கள்?

இழப்புகள் சத்தத்தோடு நிற்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் பிஎஸ்6 வண்டிகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலோ சைலன்சருக்குள்ளோ பொருத்தப்பட்டிருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் கண்ணறைகளில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தணிக்கின்றன. முழு சிஸ்டத்தையும் மாற்றும்போது அது குப்பைக்கோ பழைய உலோக வியாபாரிக்கோ போய்விடுகிறது. குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவெடுக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறக்கும்போது அது சென்சாரை விட்டுவிட்டு, கம்பெனி எழுதிவைத்த அட்டவணைப்படி நடக்கும். அந்த அட்டவணை பழைய சைலன்சருக்காக எழுதியது. கை விடும்போது பட்பட்டென்று பட்டாசு வெடிக்கிறதே, அதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். எஞ்சினில் எரிந்து வண்டியை இழுத்திருக்க வேண்டிய பெட்ரோல், குழாயில் காற்றோடு சேர்ந்து வீணாக எரிகிறது, அவ்வளவுதான். சிலர் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி வேண்டுமென்றே வெடிக்க வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரின் கண்ணறைகள் உருகிக் கட்டிக்கொள்ளும். மறிப்பை நீக்கப் புறப்பட்டவர் முடிவில் மறிப்பைச் சம்பாதிக்கிறார்.

இனி, மற்றவர்கள் கொடுக்கும் விலை. ஒலி திறந்த வெளியில், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். ஏழரை மீட்டரில் 80 டெசிபல் என்றால் 120 மீட்டரில் 56. வீட்டுப் பகுதிக்குப் பகலில் அரசு விதித்த 55 டெசிபல் வரம்பை ஒட்டி வந்துவிடும். இருபது டெசிபல் கூடிய வண்டியின் சத்தம் அதே அளவுக்குத் தணிய 1.2 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். தூரம் பத்து மடங்கு என்றால் பரப்பு நூறு மடங்கு. சைலன்சரை மாற்றும் ஒருவர் தன் பயணத்தின் ஒவ்வொரு கணமும் நூறு மடங்கு நிலப்பரப்பில் இருப்பவர்களைத் தன் ரசனைக்குள் இழுத்துவிடுகிறார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வீட்டுப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று இறுக்குகின்றன. ஆனால் ஓசூரில் தூக்கத்துக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துவந்து, காலை எட்டு மணிக்கு ஜன்னலில் துணி கட்டி இருட்டாக்கிப் படுப்பவர்கள் எத்தனையோ பேர். சட்டத்தின் இரவு அவர்களுக்கு உதவாது. தெருவில் போகும் வண்டி அடக்கமாகப் போனால்தான் உண்டு.

காட்டுப் பக்கம் வந்தால் கேட்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்ல. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரை 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், மேலும் 686 சதுர கிலோமீட்டரை 2022இல் காவிரி தெற்கு சரணாலயமாகவும் தமிழக அரசு அறிவித்தது. ஆற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். யானைகள் இந்தப் பரப்பு முழுவதும் வந்துபோகின்றன. ஆசிய யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த உறுமலில் பேசிக்கொள்வதை 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அந்த உறுமலின் அடிப்படை ஒலி 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை. ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் பைக் 2400 சுற்றில் ஓடும்போது நொடிக்கு இருபது முறை வெடிக்கிறது, 20 ஹெர்ட்ஸ். கியரைப் போட்டு நிதானமாக மேடேறும் பைக்கின் அடித்துடிப்பு, யானைகள் ஒன்றையொன்று கூப்பிடும் அதே அலைவரிசையில் விழுகிறது. காட்டுச் சாலையில் வண்டி போகத்தான் செய்யும். அது போகும்போது அடைத்து வைக்கக்கூடிய ஒலியைத் திறந்து விடுவதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பைச் சொல்லி வாதாடுபவர்கள் உண்டு. லாரிக்காரர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, சத்தம் கேட்டால்தான் ஒதுங்குவார் என்பார்கள். வண்டி நெரிசலில் தினமும் உயிரைக் கையில் பிடித்து ஓட்டுபவர்கள் சொல்வதை லேசாகத் தள்ளக் கூடாது. ஆனால் சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. ஆபத்து முன்பக்கத்திலிருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஆய்வாளர் ஹாரி ஹர்ட்டின் குழு 1981இல் தந்த அறிக்கையின்படி, விபத்துக்குக் காரணமான ஆபத்துகளில் நாலில் மூன்றுக்கு மேல் ஓட்டுபவரின் நேர் முன்னால், இருபுறமும் 45 பாகைக்குள் இருந்தன. குறுக்கே திரும்பும் கார், சந்திலிருந்து வெளியே வரும் வேன். கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு வரும் காரின் ஓட்டுநருக்கு, எதிரே வரும் பைக்கின் பின்வாய்ச் சத்தம் வந்து சேரும்போது நேரம் கடந்துவிடும். பகலிலும் எரியும் ஹெட்லைட்டும், வேண்டியபோது ஒரு முறை அடிக்கும் ஹாரனும் அதைவிட முன்னதாகச் சொல்லிவிடும்.

ரசனை என்ற பதில் இதைவிட நேர்மையானது, அதற்கு மரியாதையும் தரவேண்டும். எஞ்சின் ஒலியில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் அழகு ஒலியின் தன்மையில் இருக்கிறது. அதற்கு அளவைக் கூட்டத் தேவையில்லை. ராயல் என்ஃபீல்டு பிஎஸ்6 விதிக்குள் வந்த பிறகும் அதன் டப்டப் ஒலி கேட்டவுடன் அடையாளம் தெரிகிறது. சட்ட வரம்புக்குள் அந்தக் குரலை வைத்திருக்க அங்கே ஆட்கள் உழைக்கிறார்கள். விலையுயர்ந்த கார்களில் மெதுவாகப் போகும்போது மூடி, வேகமெடுக்கும்போது திறக்கும் வால்வு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே கார்களில் சைலன்சரைத் தாண்டிப் புகையை விடும் கட்அவுட் என்ற அமைப்பு இருந்தது, மேடேறும்போது திறக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். ஊருக்குள்ளும் திறந்துவிட்டு ஓட்டியதால் பல நகரங்கள் அதைத் தடை செய்தன. இன்று ஆன்லைனில் விற்கும் டிபி கில்லரும் அந்த வம்சம்தான். ஒரு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் அந்த உள்குழாய், செக்போஸ்ட் வரை உள்ளே, தாண்டியதும் தோள்பைக்குள்.

லாரிகளின் ஏர் ஹாரன், ஊர்த்திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் எல்லாம் விட்டுவிட்டு, முதல் சம்பளத்தில் பைக் வாங்கிய பையனை மட்டும் பிடிப்பது என்ன நியாயம் என்று கேட்டால், அந்தக் கோபம் சரிதான். ரோடு ரோலர் ஏற்றிச் சைலன்சர்களை நசுக்கும் காட்சி செய்தியில் வருகிறது. அதை விற்ற கடை மறுநாளும் திறந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. 190ஆம் பிரிவில் ஒலி விதியை மீறினால் பத்தாயிரம் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கமும். கம்பெனி தந்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. சட்டம் போதுமான அளவு இருக்கிறது. குறைவாக இருப்பது அளவீடு. புகைச் சோதனை நிலையத்தில் பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்சைடை அளக்கிறார்கள், சத்தத்தை அளப்பதில்லை. நின்ற வண்டியின் சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைச் சாய்வில் மீட்டரைப் பிடித்து அளக்கும் முறை வெகுகாலமாகவே இருக்கிறது. அதே இடத்தில் அதையும் அளந்து அதே சான்றிதழில் எழுதினால், போலீஸ்காரரின் காதை நம்பி அபராதம் போடவேண்டிய நிலை போகும். பையனுக்கும் லாரிக்கும் ஒரே தராசு கிடைக்கும்.

வாங்கப் போகிறவர் கடையில் சவுண்டு கேட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சில கேள்விகள் கேட்கலாம். கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது, இதை மாட்டினால் அது தங்குமா? ஆக்சிஜன் சென்சாருக்கு அதே இடத்தில் வாய் இருக்கிறதா? உள்ளே கண்ணாடி நார் என்றால், அது எரிந்து போனதும் மாற்றித் தருவீர்களா? நார் போன பிறகு அது வெறும் தகரக் குழாய்தான். கூடுதல் இழுவைதான் வேண்டும் என்றால் அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, செயின், டயர் காற்று ஆகிய ஐந்தையும் சரிபார்த்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். ஏற்கனவே இருந்து நழுவிப்போன இழுவை திரும்ப வரும். சத்தம் தானாகவே கூடியிருந்தால் அது துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் காரில் அது ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து சிப்காட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் மட்டும் போய்வரும் காரில் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்து, தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகட்டை உள்ளிருந்து தின்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றினால் ஆயுள் கூடும். ஓட்டை சிறிதென்றால் வெல்டிங் பட்டறையில் ஒட்டு வைத்துக்கொள்ளலாம். தகடு முழுக்க மெலிந்திருந்தால் அதே அளவு உள்ளிடம் உள்ள சைலன்சரையே வாங்க வேண்டும். ஒட்டு வைப்பவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: பெட்டியின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருந்தால் அதை அடைத்துவிடக் கூடாது. தேங்கும் தண்ணீர் வடிவதற்குக் கம்பெனியே விட்ட துளை அது.